திருவிழா காணாமல் இருக்கலாமா?

சித்திரை பிறந்ததும் தேனிச் சீமையில் இரண்டு அழைப்புகள் கிளம்பும்.

ஒன்று, வீரபாண்டி முல்லையாற்றங்கரையிலிருந்து. கௌமாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டாகிவிட்டது என்று செய்தி வரும். போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர் என்று பள்ளத்தாக்கு முழுவதும் பெண்கள் மஞ்சள் புடவையைத் தேடி எடுத்து வைப்பார்கள்.

இன்னொன்று, காலைப் பத்திரிகையின் முதல் பக்கத்திலிருந்து. அட்சய திருதியை வருகிறது, முன்பதிவு செய்துவிட்டீர்களா, கிராமுக்கு இவ்வளவு தள்ளுபடி!

இரண்டுமே தெய்வத்தின் பெயரைச் சொல்லித்தான் நம்மைக் கூப்பிடுகின்றன. எதற்குச் செவி கொடுப்பது? அல்லது இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பூஜையறையில் ஒரு விளக்கை ஏற்றிவைத்து அமைதியாக உட்கார்ந்துவிடலாமா?

இந்தக் கேள்வியை நாத்திகர் யாரும் கேட்கவில்லை. தினமும் அபிராமி அந்தாதி சொல்லும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சின்னமனூர்க்காரர். கணவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். போன வருடம் பங்குனியில் காலமாகிவிட்டார். அதன்பிறகு அந்த அம்மா மதுரையில் மகன் வீட்டோடு இருக்கிறார்.

ஒரு வருடம் பண்டிகை இல்லை. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பொங்கலுக்கு வாசலில் பெரிய கோலம் போடவில்லை. காலையும் மாலையும் விளக்கேற்றி, தெரிந்த துதிகளைச் சொன்னதோடு சரி. ஆனால், அந்த ஓசையில்லாத வருடத்தில் மனம் தெய்வத்திடம் ஒன்றியதுபோல் அதற்கு முன் ஒன்றியதே இல்லை என்கிறார். இப்போது வருஷ திதி முடிந்துவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாப் பண்டிகைகளையும் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். மருமகள், அட்சய திருதியைக்கு ஒரு சங்கிலியாவது வாங்காவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்கிறாளாம். பக்தி இருந்தால் போதாதா, பண்டிகை எதற்கு என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு விஷயமும் இருந்தது. பேத்திக்கு அம்மை போட்டிருந்தபோது, வீரபாண்டிக்கு அக்னிச்சட்டி எடுப்பதாகக் கணவர் நேர்ந்துகொண்டாராம். எடுக்காமலே போய்விட்டார். அதை யார் செலுத்துவது? இந்தக் கோலத்தில் தான் திருவிழாவுக்குப் போய் நின்றால் யாராவது முகம் சுளிப்பார்களோ?

கேள்வி முழுவதும் இந்தக் கடைசி இரண்டு வரிகளில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் வரிசையாகவே பார்ப்போம்.

பண்டிகை எதற்கு என்று கேட்பது பாவமல்ல. நம் அருளாளர்களே கேட்டிருக்கிறார்கள். கங்கையில் மூழ்கினால் என்ன, காவிரியில் மூழ்கினால் என்ன, ஈசன் எங்கும் உள்ளான் என்ற உணர்வு இல்லாவிட்டால் என்ன பயன் என்ற பொருளில் பாடியவர் அப்பர் பெருமான். திருமூலர், உடம்பையே ஆலயமாகக் கண்டவர். சிவவாக்கியர் கேட்ட கேள்விகளை இன்று யாராவது கோயில் வாசலில் நின்று கேட்டால் சண்டைக்கே வந்துவிடுவார்கள்!

ஆனால், அதே அப்பர் பெருமான் இன்னொன்றும் செய்தார். திருவாரூரில் ஆதிரைத் திருவிழாவைக் கண்டுவிட்டுத் திருப்புகலூர் திரும்பினார். அங்கே எதிர்கொண்ட திருஞானசம்பந்தர், ஆரூர்ப் பெருமையைச் சொல்லுங்கள் என்று கேட்டார். அப்பர் தத்துவம் பேசவில்லை. முத்துப் பந்தலையும், கொடிகளையும், கூட்டத்தையும், அந்தக் கூட்டத்தில் யார் யாரெல்லாம் வந்தார்கள் என்பதையும் பாடினார். நதியில் மூழ்கி என்ன பயன் என்று கேட்டவருக்கு, தெரு நிறையக் கூடிய அடியார்களைக் கண்டதும் உள்ளம் பொங்கிவிட்டது.

ஆகவே, பெரியவர்கள் திருவிழாவைத் தள்ளச் சொல்லவில்லை. உள்ளீடு இல்லாத கொண்டாட்டத்தைத்தான் தள்ளச் சொன்னார்கள். உள்ளீடு எது என்பதை எப்படி அறிவது?

ஆகம வழக்கில் வழிபாட்டை மூன்றாகச் சொல்வார்கள். நித்தியம், நைமித்திகம், காமியம். அன்றாடம் தவறாமல் செய்வது நித்தியம். நாம் வீட்டில் ஏற்றும் விளக்கு இதில் சேரும். நாள், நட்சத்திரம், திதி என்று ஒரு நிமித்தம் பற்றி வருவது நைமித்திகம். திருவிழாக்கள் எல்லாம் இந்த வகை. ஒரு பலனை விரும்பிச் செய்வது காமியம்.

மூன்றும் நம் நெறிதான். ஆசைப்பட்டுக் கேட்பதில் தவறே இல்லை. பிள்ளை தாயிடம் கேட்காமல் யாரிடம் கேட்கும்? ஆனால், கடந்த 25, 30 வருடங்களாக ஒன்று நடந்துவருகிறது. நைமித்திகமாக வந்த நாட்களையெல்லாம் நாம் ஒவ்வொன்றாகக் காமியமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். அட்சய திருதியையே அதற்கு நல்ல சாட்சி.

நம் பாட்டிமார் காலத்தில் அது தானத்துக்கு உரிய நாள். சித்திரை, வைகாசி வெயிலில் வரும் திதி அல்லவா? நீர்மோர், பானகம், தயிர்சாதம், விசிறி, குடை என்று வெயிலுக்கு இதமானவற்றைக் கொடுப்பார்கள். கும்பகோணத்தில் அன்று பெருமாள் கோயில்களிலிருந்து சுவாமிகள் கருட வாகனத்தில் எழுந்தருளி ஒன்றாகச் சேவை சாதிப்பார்கள். சமணர்களுக்கோ, ஆதிநாதர் நீண்ட உபவாசத்துக்குப் பிறகு கரும்புச் சாறு ஏற்ற நாள் அது. அட்சயம் என்றால் குறையாதது. பாண்டவர்களின் வனவாசத்தில் சூரியன் அருளிய அட்சய பாத்திரத்திலிருந்து திரௌபதி எடுத்துக் கொடுத்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை அது குறையவில்லை. கொடுக்கும் வரை குறையாதது என்பதுதான் கதை. வாங்கினால் குறையாது என்று கதையில் எங்கேயும் இல்லையே!

2000-ஆம் ஆண்டை ஒட்டி நகைக்கடை விளம்பரங்கள் பெருகிய பிறகுதான் அன்று தங்கம் வாங்குவது தமிழ்நாட்டில் இப்படிப் பரவியது. வாங்குவதற்குக் கையில் பணம் இருந்து, வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு என்று சேர்க்கிறீர்களா? தாராளமாக வாங்குங்கள்; நல்ல நாளில் வாங்கியதாக இருக்கட்டும். ஆனால், வாங்காவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்பது பயம். பயம் வேறு, பக்தி வேறு. இருக்கும் வளையலை அடகு வைத்து அட்சய திருதியைக்குக் காசு வாங்கும் வீடுகள் இருக்கின்றன. அடகுக் கடையில் வட்டிதான் குறையாமல் வளரும்.

பயத்தில் பிறக்கும் இன்னொரு கொண்டாட்டம், பெயர்ச்சி. நம் பள்ளத்தாக்கிலேயே, சுரபி நதிக்கரையில், குச்சனூரில் சனி பகவான் சுயம்புவாக, மூலவராக இருக்கிறார். சனிக்கிழமைகளில், அதிலும் ஆடி மாதச் சனிக்கிழமைகளில் அங்கே போய் எள் தீபம் ஏற்றி வருவது இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தலைமுறை வழக்கம். அது வேறு. பெயர்ச்சி என்றதும் எந்த ராசிக்கு என்ன கெடுதல் என்று நடுங்கிக்கொண்டு ஓடுவது வேறு. 2025-ல் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்றார்கள். திருநள்ளாறு ஆலயமோ, நாங்கள் வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள், எங்களுக்குப் பெயர்ச்சி 2026 மார்ச்சில்தான் என்று அறிவித்துவிட்டது. ஒரு வருட இடைவெளி! அந்த வருடம் முழுவதும், எந்தத் தேதியில் பயப்படுவது என்று தெரியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். குச்சனூரில் சனிக்கிழமைதோறும் விளக்குப் போடுகிறவர்கள் தவிக்கவில்லை. அவர்களுக்கு அது வாரா வாரம் பார்க்கிற சாமி.

ஆங்கிலப் புத்தாண்டு நள்ளிரவில் கோயிலுக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். அர்த்தஜாமம் முடிந்து பள்ளியறைக்கு எழுந்தருளிய சுவாமியை, காலண்டர் மாறியது என்பதற்காக எழுப்பத்தான் வேண்டுமா? 2017 டிசம்பரில் ஆந்திர அறநிலையத் துறையிலிருந்து, ஜனவரி முதல் தேதிக்காகக் கோயில்களில் தனிக் கொண்டாட்டம் வேண்டாம் என்று சுற்றறிக்கையே போனது. நம் ஊரில் அப்படியெல்லாம் கண்டிப்பு வேண்டாம். விடிந்து குளித்துவிட்டுப் போனால் அதே சுவாமி அங்கேதான் இருப்பார்.

சரி, இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் என்ன மிச்சம்? அந்த அம்மா சொல்வதுபோல வீட்டு விளக்கு மட்டும் போதுமா?

மயிலாப்பூரில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்த்தால் போதாது என்றே தோன்றுகிறது. பெரியபுராணம் படித்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை, பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்துபோனாள். தந்தை அவளுடைய சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் இட்டுக் காத்துவந்தார். சம்பந்தப் பெருமான் மயிலைக்கு வந்தபோது, கபாலீசுவரர் ஆலயத்தில் அந்தக் குடம் அவர் முன் வைக்கப்பட்டது.

இறந்த பெண்ணை எழுப்பப் பாட வேண்டும். எதைப் பாடுவது? மரணத்தை வென்ற ஈசனின் பெருமையை அடுக்கியிருக்கலாம். ஐந்தெழுத்தின் மகிமையைச் சொல்லியிருக்கலாம். சம்பந்தர் அந்தப் பெண்ணுக்குத் திருவிழாக்களை ஞாபகப்படுத்தினார்! அடியார்களுக்கு அமுது படைப்பதில் தொடங்கி, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசத்து நெய்ச்சோறு, மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையில் ஆண்டு முழுவதும் நடக்கும் விழாக்களைச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலா போவாய் பெண்ணே என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டார். இரண்டாம் திருமுறையில் இருக்கிறது அந்தப் பதிகம். குடம் உடைந்தது; பூம்பாவை எழுந்தாள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். சாம்பலாகிப் போன ஒரு பெண்ணை உயிருக்குத் திருப்பி அழைக்க, அந்த ஞானக் குழந்தைக்குக் கிடைத்த வழி திருவிழாதான். விளக்குப் போடும் பெண்கள், நெய்ச்சோறு உண்ணும் பெண்கள், கடலாடப் போகும் பெண்கள் என்று அவளுடைய ஊரை, அவளுடைய தெருவை அவளுக்குக் காட்டினார்.

இப்போது துக்க வீட்டின் வழக்கத்தை யோசியுங்கள். ஒரு வருடம் பண்டிகை வேண்டாம், மலைக்கோயில் வேண்டாம் என்று பல குடும்பங்களில் வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாடு குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். சில வீடுகளில் மூன்று மாதத்தோடு முடித்துக்கொள்வார்கள். இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அழுகிற வீட்டில் அதிரசம் சுட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்கு ஒரு வருடம் விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அமைதியில் அந்த அம்மாவுக்கு மனம் ஒன்றியது உண்மை; அம்பாள் கொடுத்தது. ஆனால், விடுப்புக்கு ஒரு முடிவையும் நம் பெரியவர்கள் சேர்த்தே வைத்தார்கள். வருஷம் முடிந்ததும் பிறந்த வீட்டாரோ, சம்பந்தி வீட்டாரோ வந்து, இனிமேல் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. குடத்தின் முன்னால் நின்று சம்பந்தர் சொன்னதும் அதுதானே!

எண்ணெய்ச் சட்டி வைப்பதற்கு, கடனில் சங்கிலி வாங்க வேண்டிய அவசியம் இல்லை என்பதையும் அந்த மருமகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

இனி, வீரபாண்டிக்கு வருவோம்.

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், ஆற்றங்கரையில் இருக்கிறது ஆலயம். (ஊர் கம்பம் வேறு, அம்மனுக்கு நடும் கம்பம் வேறு, வெளியூர் வாசகியர் குழம்ப வேண்டாம்!) வீரபாண்டியன் என்ற பாண்டிய மன்னன் கண்பார்வை இழந்து, இந்த ஆற்றங்கரையில் அன்னையை வேண்டினான், ஒரு கண் கௌமாரியாலும், மற்றொரு கண் கண்ணீஸ்வரமுடையாராலும் கிடைத்தது என்பது தலவரலாறு. சித்திரையின் கடைசிச் செவ்வாயையொட்டித் தொடங்கும் பெருந்திருவிழா எட்டு நாட்கள். மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடும் அளவுக்குப் பெரிய விழா. இரவு பகலாகக் கூட்டம். ராட்டினம், வளையல் கடை, பொரிகடலை, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. பக்தி எங்கே இருக்கிறது இந்த இரைச்சலில் என்று முதல் தடவை போகிறவர் கேட்பது இயற்கை.

பக்தி அதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. அத்தி மரத்தில் வெட்டிய முக்கொம்பைக் கம்பமாக நடுகிறார்கள். அன்றிலிருந்து பெண்கள் ஆற்றில் குளித்து, ஈரப் புடவையோடு ஒரு குடம் நீர் மொண்டு வந்து, வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்துக் கம்பத்துக்கு ஊற்றுகிறார்கள். அவ்வளவுதான் சடங்கு. இதற்கு டிக்கெட் இல்லை, சிறப்புத் தரிசன வரிசை இல்லை, மந்திரம் தெரிய வேண்டியதில்லை. வெயில் ஏறும் மாதத்தில் கம்பத்தின் அடி மட்டும் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். ராட்டினத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள்.

அந்த ஒரு குடம் தண்ணீருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பிய பிறகுதான் இந்தப் பள்ளத்தாக்கு இப்படிச் செழித்தது. கட்டியவர் பென்னிகுயிக் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர். அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. தைப் பொங்கல் சமயத்திலேயே அது வருவதால், பாலார்பட்டி கிராமத்தில் அவர் படத்தின் முன்னால் பொங்கல் வைக்கிறார்கள். 2013-ல் லோயர்கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் வந்துவிட்டது. வேற்று மதத்துக்காரருக்குப் பொங்கலா என்று மதுரைப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் ஒருமுறை என்னிடம் வியந்தார். உழவுக்கு வந்த நீருக்கு நன்றி சொல்லும் நாளில், நீரைக் கொண்டுவந்தவரைச் சேர்த்துக்கொண்டார்கள். எந்த விளம்பரமும் அவர்களைத் தூண்டவில்லை. தானாக முளைக்கிற பண்டிகை என்று ஒன்று உண்டென்றால் அது இப்படித்தான் முளைக்கும்.

அந்த அம்மாவின் பயத்துக்கு இப்போது பதில் சொல்லியாக வேண்டும். கணவரை இழந்தவள் திருவிழாவில் போய் நிற்கலாமா?

அக்னிச்சட்டி ஏந்தி வரும் பெண்ணிடம், நீ சுமங்கலியா என்று யாரும் கேட்பதில்லை. அவள் கையில் நெருப்பு இருக்கிறது, கூட்டம் வழிவிடுகிறது, எதிரே வருகிறவர்கள் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுகிறார்கள். நேர்த்திக்கடன் அவளுக்கும் அம்மனுக்கும் உள்ள கணக்கு. கொங்கு நாட்டுச் சில ஊர்களில் கம்பத்தை மாரியம்மனின் கணவராகவே பாவிப்பார்கள். விழா முடிவில் கம்பத்தைப் பிடுங்கி நீரில் விட்டதும், அம்மனுக்கே வெள்ளைச் சேலை சாத்தும் வழக்கம் உள்ள ஊர்களும் உண்டு. அந்த அம்மனைத்தான் மறு வருடம் ஊர் கூடி மீண்டும் மஞ்சள் சாத்திக் கொண்டாடுகிறது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? கூடலூருக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். வண்ணாத்திப்பாறை வனத்தில், தமிழக - கேரள எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது.

கண்ணகி யார்? கணவனைப் பறிகொடுத்தவள். மதுரையை எரித்த பிறகு, கொற்றவை கோயில் வாசலில் தன் வளையல்களை உடைத்துவிட்டு, கிழக்கு வாசலில் கணவனோடு நுழைந்தேன், மேற்கு வாசலில் தனியாகப் போகிறேன் என்று கலங்கியபடி நகரை விட்டு வெளியேறுகிறாள். இதைச் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் காணலாம். வைகைக் கரையைப் பிடித்துக்கொண்டு, இரவு பகல் பாராமல், பள்ளம் மேடு பாராமல் மேற்கே நடந்து மலையேறுகிறாள். பதினான்காம் நாள், ஒரு வேங்கை மர நிழலில் நின்றவளைக் கோவலன் வந்து விண்ணுக்கு அழைத்துப் போகிறான்.

அதைப் பார்த்தவர்கள் மலைக் குறவர்கள். சாஸ்திரம் படித்தவர்களோ, அரசவைப் புலவர்களோ அங்கே இல்லை. கணவனை இழந்த பெண் ஆயிற்றே, இவளைக் கும்பிடலாமா என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை. இவளைவிடப் பெரிய தெய்வம் நமக்கு ஏது என்று, பறையும் கொம்பும் பூவும் புகையுமாக அங்கேயே விழா எடுத்துக் குரவை ஆடினார்கள். சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். கண்ணகிக்கு முதல் திருவிழா எடுத்தவர்கள் அந்த மலைவாழ் மக்களே!

1960-களில் புலவர் சி. கோவிந்தராசனார் தேடிச் சென்று, சிலம்பு சொல்லும் கோட்டம் இந்த மலைமேல் உள்ள பழைய கோயில்தான் என்று கண்டு சொன்னார். புலிகள் காப்பக வனம் என்பதால், ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டுமே பக்தர்களுக்கு அனுமதி. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்கள் உண்டு. பளியன்குடி வழியாக நடந்தே ஏறுகிறவர்களும் உண்டு. அங்கே பொங்கல் வைக்கிறார்கள். வளையலும் மஞ்சளும் குங்குமமும் பிரசாதமாக வாங்கி வருகிறார்கள்.

வளையலை உடைத்துவிட்டு வந்தவளின் சந்நிதியில் வளையல். கணவனை இழந்தவளுக்குப் பெயர் மங்கலதேவி! நம் மரபு பேசாமல் செய்துவைத்திருக்கும் காரியம் இது. இதைக் கண்ட பிறகும் ஒரு பெண்ணை, நீ திருவிழாவில் முன்னால் வராதே என்று யாராவது சொன்னால், சொல்கிறவர்களுக்குத்தான் மரபு தெரியவில்லை. இதை நான் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன். ஏனென்றால் முகம் சுளிக்கிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பெண்கள்தான். கோயிலில் குங்குமத் தட்டு நீளும்போது பக்கத்தில் நிற்பவரின் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தட்டைத் திருப்பிக்கொள்ளும் கை, பெண்ணின் கைதான்.

நேர்த்திக்கடன் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். நேர்ந்துகொண்டவர் போய்விட்டால் வீட்டார் செலுத்துவது எங்கும் உள்ள வழக்கம். பேத்திக்காக நேர்ந்தது, ஆகவே பேத்தியின் தகப்பன் சட்டி எடுப்பது பொருத்தம். விரதம் இருந்து, காப்புக் கட்டி, மஞ்சள் ஆடை உடுத்தி அவர் எடுக்கட்டும். அந்த அம்மாவுக்கே எடுக்க மனமும் உடம்பும் இடம் கொடுத்தால் அவரே எடுக்கலாம். முடியாவிட்டால் ஒரு கையில் வேப்பிலையும் மறு கையில் பேத்தியுமாகப் பக்கத்தில் நடந்து வரலாம். சட்டி எடுக்கும் நாளுக்கு முன்பே ஒரு நாள் போய், ஒரு குடம் ஆற்று நீர் கம்பத்துக்கு ஊற்றிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. திருவிழா நாட்களில் கம்பத்தை நெருங்குவது சிரமம். கம்பம் நட்ட முதல் வாரங்களில், அதிகாலையில் போனால் நின்று நிதானமாக ஊற்றலாம்.

கம்பம் நடும் நாளும் திருவிழாத் தேதிகளும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் ஆலயத்தில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். ஆற்றில் நீர் வரத்து எப்படி என்றும் விசாரித்துவிடுவது நல்லது. ஆழம் தெரியாத இடத்தில் குழந்தைகளை இறக்காதீர்கள். தரை சுடும், காலுக்கு ஊற்றிக்கொள்ள ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மருமகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். வீட்டிலேயே பானகம் கரைத்து எடுத்துப் போனால், வரிசையில் நிற்பவர்களுக்கு அவள் கையாலேயே கொடுக்கச் சொல்லலாம். அட்சய திருதியை எப்படியும் அந்த வாரங்களில்தான் வரும்.